மார்ச் மாதத்து நிலம்

பிப்ரவரி 19

பணம் வந்துவிட்டது. போன ஜூனில் வந்திருக்க வேண்டிய பணம். அதுவரை நானும் நஸ்ரீன் அக்காவும் ஆராய்ச்சி உதவியாளர்கள் என்ற பெயரில் மின்விசிறியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

வசுந்தரா மேடம் எங்களை அறைக்கு அழைத்து லட்டு கொடுத்தார். அவர்தான் துறைத் தலைவர், இந்த ஆய்வுக்கும் தலைவர். லட்டு வாயில் இருக்கும்போதே சொன்னார்:

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள மொத்தமும் செலவாகணும்."

"இது மூணு வருச ஆராய்ச்சிங்க மேடம்."

"ஆராய்ச்சி மூணு வருஷம். செலவு முப்பத்தொண்ணாம் தேதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

விஷயம் இதுதான். பணம் கொடுப்பது நகர்வளம் அறக்கட்டளை. ஒரு பெரிய கட்டுமானக் குழுமத்தின் தர்மக் கை அது. நிதியாண்டு முடிவதற்குள் நல்ல காரியத்துக்குச் செலவழித்ததாக அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அந்த நல்ல காரியம் நாங்கள். செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போகும், இரண்டாம் கட்ட நிதியும் வராது. இரண்டாம் கட்டம் இல்லையென்றால் என் முனைவர் பட்ட உதவித்தொகை இல்லை, நஸ்ரீன் அக்காவின் சம்பளமும் இல்லை.

ஆய்வு எளிதானது. மதுரையில் ஆற்றங்கரையோரம் குடிசை போட்டிருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள். எங்கே காலி நிலம் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் பொறியாளன், வரைபடம் போடுவேன். நஸ்ரீன் அக்கா சமூகவியல், மக்களிடம் பேசுவார். இதில் எது அறிவியல் என்பதில் எனக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

மார்ச் 8

இன்று துறை வாங்கியவை: ஒரு பிரிண்டர், ஒரு பீரோ, பிரிண்டரை வைக்க ஒரு மேசை, 'நிலமும் நீதியும்' என்று ஒரு பயிலரங்கு. பயிலரங்கில் குத்துவிளக்கு ஏற்றி, வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. நிலம் மதியத்துக்கு மேல் வந்தது. நீதி வருவதற்குள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மார்ச் 22

ட்ரோன் பறந்தது. மேகமே இல்லாத வானம். இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. புறவழிச்சாலைக்கு அப்பால் மொட்டைப் பரப்பு, அங்கங்கே கருவேலம், நடுவில் கிரிக்கெட். நான் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டேன். நஸ்ரீன் அக்கா வெயிலில் நின்று யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க எஞ்சினியர், எறங்கி வந்து மண்ணை மிதிச்சுப் பாக்குறது" என்றார். என் கோயமுத்தூர்ப் பேச்சைக் கேலி செய்வது அவருக்கு ஒரு வேலை.

"மேல இருந்து பாத்தாத்தானுங்க்கா முழுசாத் தெரியும்."

வருவாய்த் துறையிடம் பழைய கிராம வரைபடம் கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை நிதியாண்டு நிற்காது. விட்டுவிட்டேன்.

மார்ச் 31

செலவு முடிந்தது. ஆராய்ச்சியை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

மே 16

வரைபடம் தயார். கட்டடங்களுக்குச் சிவப்பு, வயலுக்குப் பச்சை, நீருக்கு நீலம், காலி நிலத்துக்கு மஞ்சள். புறவழிச்சாலைக்கு அப்பால் ஒரு பெரிய மஞ்சள். சரிபார்க்க, துறையின் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டேன். அபாரமாகப் பொருந்துகிறது.

அறக்கட்டளையிலிருந்து கௌதம் வந்திருந்தார். அவர்தான் நிதியைக் கவனிக்கும் அதிகாரி. சென்னைக்காரர், நல்ல மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. மஞ்சளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர் சிகாமணி! இதைத்தான் எங்க டிரஸ்டீஸ் கேட்டுட்டே இருந்தாங்க. ரிப்போர்ட் அட்டையிலயே போட்டுடலாம். கீழே உங்க பேர்."

"தெய்வசிகாமணின்னு முழுசாப் போடுங்க" என்றேன். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார். மற்றபடி எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது.

ஜூன் 11

நஸ்ரீன் அக்கா என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனார். அங்கே பேச்சியம்மாள் என்று ஒருவர். காலையில் இட்லி விற்கிறார், மற்ற நேரமெல்லாம் தெருவையே அதட்டுகிறார். நான் டேப்லெட்டில் மஞ்சளைக் காட்டினேன்.

"இதுல என் வீடு எது?"

"இன்னும் கட்டலைங்க. இங்க வரும்."

"அப்ப எனக்கு மூலை வீடா எழுதிக்க. ரெண்டு பக்கம் காத்து வரணும். பக்கத்துல இந்த முத்துராக்கு வேணாம், ரேடியோவை அலற விடுவான்."

பேச்சியம்மாளின் விரல் பட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். விளையாட்டுக்குத்தான்.

ஆகஸ்ட் 3

பெங்களூரில் ஒரு நிறுவனம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. போகத்தான் போகிறேன்.

செப்டம்பர் 9

வேலை கிடைத்தது. டிசம்பரில் சேரச் சொல்கிறார்கள். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நஸ்ரீன் அக்கா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

அக்டோபர் 27

நாலு நாளாக மழை. கௌதமிடமிருந்து போன்: அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு அந்த மஞ்சள் நிலத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். பின்னால் பரந்த வெளி தெரிய வேண்டுமாம். மதியம் மழை விட்டதும் நஸ்ரீன் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன்.

பரந்த வெளி தெரிந்தது. கரை தெரியவில்லை.

போன் திரும்பத் திரும்பச் சொல்கிறது, இடது பக்கம் திரும்புங்கள் என்று. இடது பக்கம் தண்ணீர். கருவேலம் தலைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பிடிவாதமாக இறங்கினேன். செருப்பு ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. லாரி டியூபில் உட்கார்ந்து வலை விரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏய் தம்பி, அங்கிட்டுப் பள்ளம்! எந்த ஊரு நீயி?"

"கோயமுத்தூருங்க."

"என்ன தேடுற?"

"காலி இடம் பாக்க வந்தனுங்க."

"இருக்கு, இருக்கு. அடியில இருக்கு."

நஸ்ரீன் அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இங்கிட்டுத்தானே பேச்சியம்மாளுக்கு மூலை வீடு குடுத்த?" என்றார்.

இது ஒரு கண்மாய். மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற உள்வாய்ப் பகுதி. குறுக்கே புறவழிச்சாலை போட்டுவிட்டதால் கரை ஒருபுறமும் தண்ணீர் பிடிக்கும் இடம் மறுபுறமும் கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே தெரியாது. மேலிருந்து பார்த்தது நான்தான்.

படம் எடுக்கவில்லை.

அக்டோபர் 29

துறை நூலகத்தில் பழைய அறிக்கைகளை எல்லாம் இறக்கிப் போட்டு உட்கார்ந்தேன். எல்லா அறிக்கையிலும் தொப்பி போட்ட ஆய்வாளர்கள், கையில் மோர். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: களப்பணி மார்ச் மாதம் மேற்கொள்ளப்பட்டது. சிலவற்றில் ஏப்ரல்.

இப்போது புரிகிறது. நிதி எப்போதும் தாமதமாகத்தான் வரும், மார்ச்சுக்குள் செலவாக வேண்டும். அதனால் துறை பிறந்ததிலிருந்து அத்தனை பேரும் கோடையில்தான் வெளியே போயிருக்கிறார்கள். எங்கள் ஆராய்ச்சியில் இந்த மாவட்டத்தில் ஒருமுறைகூட மழை பெய்ததில்லை. ஒருவர் காய்ந்த கண்மாயைக் காலி என்று எழுத, அடுத்தவர் அவரை மேற்கோள் காட்டி, அதற்கடுத்தவர் இருவரையும் காட்டி... நான் என் வரைபடத்தைச் சரிபார்த்தது இவற்றை வைத்துத்தான். பொருந்தாமல் என்ன செய்யும்?

நவம்பர் 4

மேடத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பீரோவைப் பார்த்தார்.

"மார்ச்ல நீ நேர்ல போனியா?"

"ட்ரோன் போச்சுங்க மேடம்."

"ட்ரோன் போச்சு. நீ?"

"நான் நிழல்ல இருந்தனுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பழைய ரிப்போர்ட்ல ரெண்டு என்னோடது" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இதைத் திருத்தினா ரெண்டாம் கட்டம் வராது. தெரியும்ல?"

"தெரியுமுங்க."

"நஸ்ரீன்கிட்ட பேசினியா?"

"இல்லீங்க."

"முதல்ல அவகிட்ட பேசு. என்கிட்ட சொல்றது சுலபம். எனக்குச் சம்பளம் அரசாங்கம் குடுக்குது."

நவம்பர் 5

நஸ்ரீன் அக்காவிடம் பேசினேன். கேன்டீனில், வடை ஆறும்வரை.

"நானும்தானே அந்தத் தண்ணியப் பாத்தேன். நான் வாயைத் தொறந்தேனா?"

"தெரியாம இருந்தாப் பரவால்லீங்க. தெரிஞ்சப்புறம் தப்பான வரைபடம் என் பேர்ல இருக்கக் கூடாதுங்க்கா."

"ஒன் பேரு, ஒன் பேரு. நீ பெங்களூருக்குப் போயி கோட்டு மாட்டிக்குவ. எம் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். நான் எங்கிட்டுப் போறது?"

மனசாட்சி, அது இது என்று ஆரம்பிக்க எனக்கு வராது. பிழை இருந்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். அவர் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார்.

"பேச்சியம்மா அங்க போயி மொத மழையில கட்டில் மேல ஏறி நிக்கும். நின்னுக்கிட்டே என்னையத் திட்டும். எனக்கு இப்பவே கேக்குது" என்றார். எழுந்து போகும்போது திரும்பினார். "திருத்துறதுன்னா ஒழுங்காத் திருத்து. அரைகுறையாப் பண்ணி, வேலையும் போயி மேப்பும் தப்பா நின்டுச்சுன்னா வகுந்துருவேன்."

நவம்பர் 17

கௌதமோடு கூட்டம். திருத்திய வரைபடத்தைத் திரையில் போட்டேன். பெரிய மஞ்சள் இருந்த இடத்தில் பெரிய நீலம்.

கௌதம் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "தண்ணி எத்தனை மாசம் நிக்கும்?" என்று அமைதியாகக் கேட்டார்.

"மழையைப் பொறுத்துங்க. மூணு, நாலு மாசம்."

"அப்போ மீதி மாசமெல்லாம் காலிதானே? நீங்க ஏன் நீலம்னு போடறீங்க? புதுசா ஒரு கலர் குடுங்க. இளமஞ்சள். 'பருவகால ஈரப்பதமுள்ள மேம்பாட்டு நிலம்.' உங்க டேட்டாவும் சரி, எங்க டிரஸ்டீஸும் ஹேப்பி. அங்க மண் கொட்டி மேடாக்கித்தான் கட்டப் போறாங்க."

"அப்பிடின்னா வைகைக்கும் அதே கலர் குடுத்தரலாமுங்க. பாதி வருசம் காஞ்சுதானுங்க கெடக்குது. நடுவுல நாலு பிளாக் கட்டி, லிஃப்ட் வெச்சுக் குடுத்தா ஆத்தங்கரைக்காரங்க வீடு மாறவே வேண்டியதில்லை. அப்பிடியே எறங்கிக்கலாம்."

நஸ்ரீன் அக்கா தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். கௌதமுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேடம், நீங்க சொல்லுங்க. ரெண்டாம் கட்டத்துக்கு என் பக்கம் எல்லாம் ரெடி. ஒரு கலர், அவ்வளவுதான் கேக்கறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"வரைபடத்துல பேரு அவனோடது. அறிக்கையில பேரு என்னோடது. ரெண்டுலயும் தண்ணி இருக்கும், கௌதம்."

கௌதம் போகும்போது எல்லோரிடமும் கை கொடுத்தார். என் கையை மட்டும் கொஞ்சம் அழுத்தினார். கோபமா வேறு ஏதாவதா, தெரியவில்லை.

நவம்பர் 18

நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 30

மின்னஞ்சல் வந்தது. அறக்கட்டளையின் முன்னுரிமைகள் மாறியுள்ளதால் இரண்டாம் கட்டம் இல்லை. எங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்து. அறிக்கையை வெளியிடப் போவதில்லையாம். வெளியிடாவிட்டால் என்ன, நீல வரைபடத்தை மேடம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நஸ்ரீன் அக்கா தன் மேசையில் இருந்த மகனின் படத்தை எடுத்துக்கொண்டு போனார். பிரிண்டரை ஒரு உதை விட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 2

பெங்களூருக்கு எழுதினேன், பிப்ரவரியில் சேர்கிறேன் என்று. இப்போது போனால் வண்டியை ரயிலில் ஏற்ற வேண்டும், மழையில் நனைந்துவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 8

பேச்சியம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. போனேன். இட்லிக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த இடம் சரியில்லைங்க. தண்ணி நிக்கும். அதனால வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு எழுதுன?"

"கண்மாய்ங்க அது. வீட்டுக்குள்ள தண்ணி வரும்."

"இங்க மட்டும் என்ன வருது, பாலா? ஆத்துல தண்ணி வந்தா இங்கிட்டுந்தான் ஏறுது. அங்க வந்தாலும் காங்கிரீட் வீட்டுக்குள்ளல்ல வரும்! மாடி குடுத்தா ஏறி உக்காந்துக்கிருவேன். நீ பாட்டுக்கு வந்த, மூலை வீடுன்ன, பொட்டி மேல புள்ளி வச்ச, இப்ப வந்து இல்லங்குற. குடுக்கவும் நீயி, புடுங்கவும் நீயி. ஒனக்கு எங்க வீடு? அங்க தண்ணி நிக்குதா?"

"இல்லீங்க."

"நிக்காது. எங்களுக்குன்னா மட்டும் எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணி நிக்கும். சரிய்யா, அது கண்மாயி. அப்ப நெசமாலுமே காலியா எங்க இருக்கு? அதச் சொல்லு. அதுக்குத்தானே படிச்ச?"

இட்லி கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் தேவலை.

டிசம்பர் 9

கேள்வி நியாயமானது. தொழில்நுட்ப ரீதியாகச் சொல்கிறேன்.

டிசம்பர் 21

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்கள் செயற்கைக்கோளிலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. மழைக்காலம் முழுக்க இருக்கிறது. இத்தனை நாள் நாங்கள் அதைத் தொடவே இல்லை. இலவசப் பொருளை வாங்கிச் செலவுக் கணக்குக் காட்ட முடியாது.

கோடையிலும் காலி, மழையிலும் காலி, எந்தப் பருவத்திலும் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம்: இதுதான் நிபந்தனை. கணினியை ஓடவிட்டேன். மஞ்சள் சுருங்கிச் சுருங்கி ஊருக்குள் சில துண்டுகளில் வந்து நின்றது. அதில் பெரியது, ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே.

முதலில் நம்பவில்லை. இந்த முறை நேரில் போவதாக முடிவு. நஸ்ரீன் அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. போன் போட்டதும், "ஞாயித்துக்கெழம வரேன். வண்டிக்கு நான் பெட்ரோல் போடுறேன், ஒன் மூஞ்சியப் பாத்தாலே காசு இல்லன்னு தெரியுது" என்றார். போனில் மூஞ்சி எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

டிசம்பர் 26

உயரமான சுவர். மேலே கண்ணாடிச் சில்லு. பூட்டிய கேட்டில் ஒரு பலகை. அதில் இருந்த பெயரை நானும் அக்காவும் சேர்ந்து படித்தோம். அறக்கட்டளை நடத்துகிற அதே கட்டுமானக் குழுமம். வாங்கிப் போட்டு, விலை ஏறட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் மண்ணை மிதித்துப் பார்த்தேன். சுவரோரம் குனிந்து தொட்டும் பார்த்தேன். நேற்றும் மழைதான், இருந்தும் தண்ணீர் தேங்கவில்லை.

அப்படியே பேச்சியம்மாளிடம் போனோம். டேப்லெட்டைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அட, இதா? இந்தச் சுவத்துலதான நான் துணி காயப்போடுறேன்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமுங்களா?"

"என்ன இருக்கும்? ஒண்ணும் இல்ல. ஒரு வாச்சுமேன் இருக்கான். ஒண்ணுமில்லாததுக்குக் காவலு." திரையில் அந்த மஞ்சளை விரலால் தொட்டார். "இத எங்களுக்குக் குடுப்பாய்ங்களா?"

பழைய நானாக இருந்தால் விரல் பட்ட இடத்தில் புள்ளி வைத்திருப்பேன்.

"தெரியலைங்க. இது காலி, தண்ணி நிக்காது, யாரு கையில இருக்கு. இதை மட்டும் எழுதிக் குடுக்க முடியும்."

"பெருசா அடிச்சுக் குடு. திங்கக்கெழம கலெக்டரு மனு வாங்குறாருல்ல, தெருவே போவோம். முத்துராக்கு ரேடியோவத் தூக்கிட்டு வரட்டும், அவன் சத்தத்துக்காவது எந்திரிச்சு வருவாய்ங்க."

துறை பிரிண்டர் இதுவரை உருப்படியாக எதையும் அச்சடித்ததில்லை. இன்று அடித்தது.

ஜனவரி 22

பேச்சியம்மாள் இரண்டு திங்கட்கிழமை போய்விட்டார். மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் மூன்றாவது முறை. இந்தத் தடவை எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொள்ளவில்லை, சொல்லியிருக்கிறார்.

மழைக்கால வரைபடத்தை வைத்து ஆய்விதழுக்கு எழுதும் கட்டுரையை மேடத்தின் வீட்டில் உட்கார்ந்து முடித்தோம். தன் பழைய அறிக்கைகள் இரண்டும் தவறு என்று முதல் பக்கத்திலேயே போடச் சொன்னார். நான் மென்மையாக எழுதியதை அடித்துவிட்டு, 'தவறு' என்று கையால் எழுதினார். பெங்களூரைப் பற்றிக் கேட்டார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

கடைசியில் ஆய்விதழ் கேட்கிற வழக்கமான பத்தி: இந்த ஆய்வுக்கு நிதி வழங்கியவர் யார்? 'எந்த நிறுவனமும் நிதி வழங்கவில்லை' என்று எழுதினேன்.

"பொய்யா எழுதாத" என்றார் நஸ்ரீன் அக்கா. "பெட்ரோல் யாரு போட்டா?"

சேர்த்தேன். 'எந்த நிறுவனமும் நிதி வழங்கவில்லை. பெட்ரோல்: நஸ்ரீன்.'

மேடம் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பேனாவைத் திறந்தார். வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். நஸ்ரீனுக்கு முன்னால் இனிஷியலைச் சேர்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினார்.